ட்ராக்டர் கழட்டுற பையன் எங்க படிக்கலாம்?

கேள்வி: அண்ணே, எனக்கு வாடிப்பட்டி பக்கம், இந்த வருஷம் பத்தாவது பாஸ். எங்க ட்ராக்டருக்கு மண்ணக் கிளறுற ரோட்டவேட்டர் பிளேடு மாத்துறது, டீசல் ஃபில்டர் மாத்துறது எல்லாம் நான்தான். மிஷின் லைன்லயே போகணும்னு ஆசை. மதுரை ஒத்தக்கடை விவசாய காலேஜ்ல சேருடானு மாமா சொல்றாரு, அப்பா ஐடிஐனாலே மூஞ்சிய சுளிக்கிறாரு. என்ன செய்ய?

பதில்: தம்பி, மாமா விவசாயப் படிப்பையும் விவசாய மிஷின் படிப்பையும் போட்டு குழப்பிக்கிட்டாரு. ஒத்தக்கடைல பிஎஸ்சி அக்ரி, அது பயிரு, மண்ணு, பூச்சினு போகும், மிஷின் ஓரமாத்தான் வரும். நீ கேக்குறது வேளாண் பொறியியல், வேளாண் பல்கலைக்கழகத்துல அது கோயம்புத்தூர்லயும் திருச்சி பக்கம் குமுளூர்லயும் 4 வருஷ பிடெக், பிளஸ் டூல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேணும். அதுலயும் மிஷின் மட்டும்தான்னு நெனச்சுப் போயிடாத, பாசனம், மண் அரிப்பு, தானியம் காய வைக்கிறதுனு நெறைய இருக்கு.

உன் லெட்டர படிச்சா எனக்கு ஐடிஐதான் தோணுது. விவசாய மிஷின் மெக்கானிக் டிரேடு (தொழில் பிரிவு) 2 வருஷம், ட்ராக்டர் மெக்கானிக் 1 வருஷம். எல்லா ஐடிஐலயும் இருக்காது, மதுரை புதூர் அரசு ஐடிஐல இருந்து ஆரம்பிச்சு நேர்ல போய் விசாரி. அப்பாவுக்கு ஒண்ணு சொல்லு, பத்தாவதுக்கு மேல 2 வருஷ டிரேடு முடிச்சவன் டிப்ளமோல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா பிஇலயும் அப்படியே, அதனால ஐடிஐ போனா படிப்பு அதோட முடிஞ்சு போச்சுன்னு இல்ல. ஆனா கணக்க விட்றாத, ஐடிஐல இருந்து மேல போறவங்க மாட்டிக்கிறது அங்கதான்.

ஸ்பானர் புடிச்சா போதும்கிற காலமும் போச்சு. 2023ல இருந்து 50 ஹெச்பிக்கு மேல வர்ற புது ட்ராக்டருக்கு புகை விதி கடுமையாயிருச்சு, டீசல் பம்பு வேலையெல்லாம் சென்சாரு, கம்ப்யூட்டர்னு போகுது, கொஞ்சம் எலெக்ட்ரிக்கலும் கத்துக்க. மல்லித் தோட்டத்துல ஓடுற களை எடுக்குற பவர் வீடர், புல்லு வெட்டுற பிரஷ் கட்டர் மாதிரி சின்ன பெட்ரோல் இஞ்சினையும் எளப்பமா நெனைக்காத, சைடுல கை செலவுக்கு ஆகும். தை மாசம் அறுப்பு மிஷின் வரும்போது லீவு நாள்ல அவங்க மெக்கானிக் கூட நின்னு பாரு, பெல்ட் அறுந்து வயல் நடுவுல வண்டி நிக்கும்போது கத்துக்கிறது வகுப்புல கெடைக்காது.

ஆமா, ரோட்டவேட்டர் பிளேடு மாத்துறேன்னு எழுதிருக்கியே, இஞ்சினை நிறுத்தி சாவிய எடுத்துட்டு, தூக்கி நிக்கிற ரோட்டவேட்டருக்கு அடில கட்டை முட்டு குடுத்துட்டுத்தான கை வைக்கிற? ட்ராக்டர் பின்னாடி ரோட்டவேட்டர சுத்த வைக்கிற பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும், லுங்கியோட பக்கத்துல போகாத.