உட்கார்ந்து ஆடும் வாலிபால்

வணக்கம் ஐயா,

என் அக்கா மகனுக்கு 16 வயது. முழங்காலில் எலும்புப் புற்றுநோய் வந்து, போன வருடம் வலது காலைத் தொடையளவில் எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்துவிட்டது. பள்ளி வாலிபால் டீமில் இருந்தவன், இப்போது பந்தைத் தொடுவதே இல்லை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு அனுப்பச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். "புள்ள பொழச்சதே பெருசு, விளையாட்டு எதுக்கு" என்கிறார் அக்கா. நான் என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். அந்த வயதில் விளையாட்டை எடுத்துவிட்டால் சிநேகிதர்களும் சாயங்காலங்களும் கூடவே போய்விடும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில், இதே நோயால் வலது கால் போனது. 1980இல் அவர் செயற்கைக் காலோடு ஓடிய 5,373 கிலோமீட்டரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே, கீமோ நடக்கும்போதே, அவர் சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் ஆடத் தொடங்கியது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அங்கே அவர் நோயாளி இல்லை, டீமில் ஒரு ஆள்.

உங்கள் பக்கத்திலேயே, வேலூரில், பாகாயம் இருக்கிறது. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் சி.எம்.சி. அங்கே மறுவாழ்வு மையம் திறந்தது. அக்காவை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள்.

பையனிடம் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். 10 மீட்டருக்கு 6 மீட்டர் கோர்ட், ஆண்களுக்கு வலை 1.15 மீட்டர். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவார்கள். பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையைவிட்டு எழும்பக் கூடாது, நகர்வது பெரும்பாலும் கையால்தான். எதிராளியின் சர்வீஸையே வலையருகே கையை உயர்த்தி பிளாக் பண்ணலாம்! நின்று ஆடும் வாலிபாலில் அது கிடையாது. வாலிபால் தெரிந்த பையனுக்கு இந்த ஒன்றே போதும்.

அதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை உண்டு. இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பலவீனமாக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொரு கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கலாம். சக ஆட்டக்காரர் கூப்பிடுவது கேட்காவிட்டால் கோர்ட்டில் மோதிக்கொள்வார்கள். ரத்த அணுக்கள் சரியான அளவுக்கு வந்துவிட்டனவா என்பதும் முக்கியம். அப்புறம் நம் வேலூர் வெயில். செயற்கைக் காலுக்குள் வியர்த்தால் தோல் புண்ணாகும், தினமும் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆட ஆரம்பித்த கையோடு அவனை மேடையேற்றித் தன்னம்பிக்கை பற்றிப் பேச வைக்காதீர்கள். தோற்று, எரிச்சலோடு வீட்டுக்கு வரும் உரிமை அவனுக்கும் வேண்டும். பழைய டீம் பையன்களைக் கூப்பிடுங்கள். பயிற்சி ஆட்டத்தில் கால் உள்ளவர்களும் உட்கார்ந்து ஆடலாம், நீங்களும்தான்.