பொமரேனியனுக்கு பல் ஸ்கேலிங்: மயக்கம் குடுக்காம பண்ணலாமா டாக்டர்?

கேள்வி: எங்க பொமரேனியனுக்கு 8 வயசு. வாய் நாத்தம் தாங்கல, கடைவாய்ப்பல்லு பூரா பழுப்பா காரை புடிச்சிருக்கு. டாக்டர் மயக்கம் குடுத்து ஸ்கேலிங் பண்ணணும்ங்கறார். குரூமிங் கடையில மயக்கமே வேணாம், சும்மா சுரண்டி எடுத்துடலாம்ங்கறாங்க. இந்த வயசுல மயக்கம் குடுத்தா எந்திரிக்காதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. வீட்ல பூனையும் இருக்கு, அதுக்கும் பண்ணணுமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: உங்க டாக்டர் சொன்னதுதான்மா சரி, தயவுசெஞ்சு குரூமிங் கடையில பல்லுல கை வைக்க விடாதீங்க.

நீங்க பாக்கற அந்த பழுப்புக் காரை வெளியில தெரியற பகுதி மட்டும்தான். பல்லு மேல படியற கிருமிப் படலம் ரெண்டு மூணு நாள்லயே எச்சில்ல இருக்கற கால்சியத்தோட சேர்ந்து கெட்டியாக ஆரம்பிச்சுடும், அப்புறம் அது ஈறுக்கு அடியில இறங்கி பல்லை புடிச்சிருக்கற எலும்பையே கரைக்கும், நாத்தம் வர்றதே அங்கிருந்துதான். முழிச்சிட்டு இருக்கற நாய் ஈறுக்குள்ள கருவி விட சம்மதிக்குமா, பல்லோட உள்பக்கத்தையாவது காட்டுமா? மேல சுரண்டி வெள்ளையாக்கி அனுப்பிடுவாங்க, நீங்களும் சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க, உள்ள அரிச்சுக்கிட்டேதான் இருக்கும். பொமரேனியன் மாதிரி சின்ன வகைக்கு தாடை எலும்பே மெல்லிசு, ரொம்ப அரிச்சுப்போனா சோபாலேர்ந்து குதிச்சாகூட கீழ்த்தாடை உடையலாம்.

முறையா பண்ணும்போது என்ன நடக்கும்னா, தூங்கினதும் மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு டியூப் போட்டு அதைச் சுத்தி இருக்கற சின்ன பலூனை ஊதி வெச்சிடுவோம், காரையை எடுக்கற ஸ்கேலர் கருவியிலேர்ந்து வர்ற தண்ணியும் அழுக்கும் நுரையீரலுக்கு போகாது. அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசான கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஈறுக்குள்ள விட்டுப் பாப்போம், நாய்க்கு 3 மி.மீ. வரைக்கும் போனா சரி, அதுக்கு மேல போனா உள்ள குழி விழுந்திருக்குன்னு அர்த்தம். வேர் எப்படி இருக்குன்னு எக்ஸ்ரேல பாத்துட்டு, காப்பாத்த முடியாததை எடுத்துட்டு, கடைசியா பாலிஷ். பாலிஷ் போடாம விட்டா சொரசொரப்புல காரை இன்னும் சீக்கிரம் ஏறும்.

பயப்படறீங்க, புரியுது, ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வயசு ஒரு வியாதி இல்ல. முன்னாடியே கிட்னி, லிவர், ரத்த அணுக்கள் டெஸ்ட் எடுத்து, இதயத்தையும் பாத்துட்டா பாதி பயம் போயிடும். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ற பிரச்சனை வரும், உங்களுது வாத்து கத்தற மாதிரி இருமுதுன்னா கண்டிப்பா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. டியூப் போடுவீங்களா, ட்ரிப்ஸ் ஏத்துவீங்களா, மயக்கத்தை பாக்கறதுக்குன்னே தனியா ஒருத்தர் இருப்பாங்களான்னு தைரியமா கேளுங்க, கேக்கறது உங்க உரிமை. செலவு யோசனையா இருந்தா வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சு பாருங்க, உங்களுக்கு பக்கம்தான்.

இப்போ பிரஷ் பண்ண ஆரம்பிக்காதீங்க, புண்ணான ஈறுல பிரஷ் பட்டு வலிச்சா அது ஜென்மத்துக்கும் வாயைத் திறக்காது. ஸ்கேலிங் முடிஞ்சு ஈறு ஆறினதும் நாய்க்குன்னு விக்கற பேஸ்ட்டை வெச்சு தினமும் தேய்ங்க. நம்ம பேஸ்ட் வேணாம், அது துப்பாம முழுங்கிடும், சைலிட்டால்ங்கற இனிப்பு கலந்ததா இருந்தா நாய்க்கு விஷம். பல்லு சுத்தமாகும்னு எலும்பு போடறதும் வேண்டாம், கடைவாய்ப்பல்லு பொளந்து போய் வர்ற கேஸ் நிறைய பாக்கறேன். கண்ணுக்கு கீழ வீங்கினா பல் வேர்ல சீழ் கட்டியிருக்கலாம், அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.

பூனைக்கு காரை மட்டுமில்ல, பல்லே ஈறு ஓரத்துல கரைஞ்சு போற வியாதியும் நிறைய வரும், ரொம்ப வலிக்கும், ஆனா பூனை கத்தாது. பசியோட தட்டுகிட்ட வந்து மோந்து பாத்துட்டு போயிடுறது, ஒரு பக்கமாவே மெல்லறது, சாப்பிடும்போது தாடை நடுங்கறது, இதெல்லாம் இருக்கான்னு கவனிங்க. இருந்தா அதுக்கும் எக்ஸ்ரே எடுத்து அந்தப் பல்லை எடுக்க வேண்டி வரும், இல்லன்னா அடுத்த தடுப்பூசிக்கு போகும்போது வாயையும் பாக்கச் சொன்னா போதும். வலிக்குதேன்னு பாவப்பட்டு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து.