ரிசர்வ் வங்கி பெயரில் வந்த 4.75 கோடி ரூபாய் மின்னஞ்சல்

கேள்வி: ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்தோடு ஒரு மின்னஞ்சல் வந்தது. லண்டன் லாட்டரியில் அவருக்கு 4.75 கோடி ரூபாய் விழுந்திருக்கிறதாம். 'கிளியரன்ஸ்' கட்டணம் என்று 18,500 ரூபாய் அனுப்பிவிட்டார். ஆதார், பான், பாஸ்புக் நகல்களும் போய்விட்டன. இப்போது கரன்சி மாற்ற 92,000 கேட்கிறார்கள். எஃப்டியை உடைக்கப் போகிறேன் என்கிறார். எப்படித் தடுப்பது?

பதில்: அவரோடு வாதாடும் முன் 1930-ஐ அழையுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் தனி எண்) ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மோசடிக்காரரின் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் முடக்குவார்கள். பெரும்பாலும் வந்த வேகத்திலேயே அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும் என்பதால் தாமதம்தான் இதில் எதிரி. நாளாகிவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். அவருடைய வங்கிக் கிளையிலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இனி மாமனார். 'ஏமாந்துட்டீங்க' என்று ஆரம்பித்தால் பிடிவாதம்தான் கூடும். 18,500 போன ரசீதை எடுத்து, பெறுநர் பெயரை அவரையே படிக்கச் சொல்லுங்கள். அநேகமாக ஏதோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காக இருக்கும். அந்தக் கணக்கின் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையைக் காட்டும்) குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் எந்த வங்கி என்பதைச் சொல்லும். ரிசர்வ் வங்கிக்குப் போகும் பணம் ஏன் வேறொரு வங்கியில் யாரோ ஒருவர் கணக்கில் விழுகிறது? இந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வரட்டும்.

பிறகு மின்னஞ்சல். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மடலின் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். அனுப்புநர் பெயர் 'கவர்னர்' என்றிருக்கும். 'ரிப்ளை-டூ' (நம் பதில் போய்ச் சேரும் முகவரி) வரியில் சம்பந்தமே இல்லாத இலவச முகவரி ஒன்று இருப்பது வழக்கம். எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மடல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் சோதனைகள்) இரண்டுக்கும் 'பாஸ்' என்று காட்டினால் அசந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) மடல் வந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. ஜிமெயிலில் கவர்னர் பெயரில் கணக்கு தொடங்கி அனுப்பினாலும் 'பாஸ்'தான். அதே பக்கத்திலுள்ள 'டவுன்லோடு ஒரிஜினல்' மூலம் மடலைச் சேமித்துப் புகாரோடு இணைத்துவிடுங்கள். மற்றவருக்கு ஃபார்வர்டு செய்தால் இந்த அசல் தலைப்பு விவரங்கள் கூடப் போகாது, ஸ்கிரீன்ஷாட்டிலும் வராது.

சட்டமும் உங்கள் பக்கம். ரிசர்வ் வங்கி தனிநபருக்குக் கணக்கு வைத்துப் பரிசுப் பணம் பட்டுவாடா செய்வதில்லை. வெளிநாட்டு லாட்டரிச் சீட்டுக்குப் பணம் அனுப்புவதே 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை. நம்மூரில் ரொக்கமாக லாட்டரிப் பரிசு விழுந்தாலும் வரியை (30 சதவீதம்) பரிசு தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். 4.75 கோடி உண்மையாகவே இருந்தால் 92,000-த்தை அதிலேயே கழித்துக்கொள்ள வேண்டியதுதானே?

இந்த மடல்களில் இவ்வளவு எழுத்துப்பிழை ஏன் என்று பலரும் கேட்பார்கள். நைஜீரிய மோசடி மடல்களைப் பற்றி மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் சொன்ன விளக்கம் இதற்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது: சந்தேகப்படுகிறவர் முதலிலேயே விலகிவிட்டால் மோசடிக்காரருக்கு நேரம் மிச்சம். பதில் போடுகிறவர்களிடம் மட்டும் வேலையைக் காட்டலாம். முதலில் கேட்ட 18,500-உம் அப்படியொரு வடிகட்டல்தான். கட்டியவர் பட்டியலில் இப்போது மாமனார் பெயர் ஏறிவிட்டது.

போன நகல்களைத் திரும்பப் பெற முடியாது. யுஐடிஏஐ (ஆதார் ஆணையம்) தளத்தில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், அவர் பெயரில் புதுக் கடன் முளைக்கிறதா என்று ஆண்டு முழுக்கக் கவனிக்கலாம். ஓடிபியோ நெட்பேங்கிங் பாஸ்வேர்டோ சொல்லியிருந்தால் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

பாஸ்புக் விவரமும் அவர்களிடம் இருப்பதால், முன்பின் தெரியாத தொகை ஒன்று அவர் கணக்கில் வந்து விழலாம். 'தவறுதலாக வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்பார்கள். அனுப்பினால் இன்னொருவரிடம் திருடிய பணத்தைக் கைமாற்றியவராகிவிடுவார், கணக்கும் முடங்கும். தொடாமல் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

'எங்கேயோ நம்ம பணம் இருக்கத்தான் செய்யும்' என்று அவர் மனம் ஆறாவிட்டால், ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தைக் காட்டுங்கள். 10 ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகைகளைப் பெயர் போட்டு அங்கே தேடலாம். இருந்தால் அந்த வங்கிக் கிளையில் அடையாளச் சான்றோடு கோரலாம். தேடக் கட்டணம் கிடையாது.

சில வாரங்களில் 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வக்கீல் பெயரிலோ சைபர் போலீஸ் பெயரிலோ ஒரு மடல் வரலாம். அதிலும் 'முன்பணம்' இருக்கும். அதையும் சேமித்து அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.