மீட்டர் இருண்டால் டெயில் லைட்டைப் பாருங்கள்

கேள்வி: சார், என் கார் இருபது வருடப் பழசு. ஹெட்லைட் போட்டால் சில நாள் மீட்டருக்குள் வெளிச்சம் வருகிறது, சில நாள் வருவதில்லை. டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் எரிகிறது. மெக்கானிக் முழு மீட்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தட்டினால் எரிகிறது என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பியூஸ் போயிருந்தால் தட்டியா திரும்பி வரும்? எங்கோ லூஸ் காண்டாக்ட்.

ஆனாலும் அடுத்த முறை மீட்டர் இருளும்போது இறங்கிப் போய் டெயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பல பழைய கார்களில் இரண்டுக்கும் ஒரே பியூஸ்தான். இரண்டும் சேர்ந்தே அணைந்தால் பியூஸ் பிடிக்கும் கிளிப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அல்லது லைட் சுவிட்ச் தேய்ந்திருக்கும். இரவில் பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியாது என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டெயில் லைட் ஒழுங்காக எரிந்தால் அடுத்த ஆள் டிம்மர். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னச் சக்கரத்தைப் பல வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நன்றாக உருட்டுங்கள். உருட்டும்போது வெளிச்சம் துடித்தால் அதுதான் கோளாறு. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறமும் சரியாகவில்லை என்றால் மீட்டரைக் கழற்றத்தான் வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மீட்டரின் முதுகில் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். அதில்தான் பல்ப் ஹோல்டர்கள் உட்கார்ந்திருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். ஹோல்டர் தொடுகிற இடத்தில் செம்பு கறுத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், செம்பு மெல்லிசு, உரிந்துவிடும். ஹோல்டரின் தகடுகளை நகத்தால் லேசாக நிமிர்த்துங்கள். கண்ணாடி கறுத்த பல்பை மாற்றும்போது அதே வாட்ஸ்தான் போடவேண்டும். பெரிசாகப் போட்டால் ஹோல்டர் உருகும்.

ஒன்று விட்டுப்போயிற்று. இண்டிகேட்டர் போடும்போது மீட்டர் வெளிச்சமும் கூடவே துடித்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். எர்த், அதாவது கரண்ட் காரின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை.

கேள்வி: மூன்று கதவைத் திறந்தால் ரூஃப் லைட் எரிகிறது. டிரைவர் கதவுக்கு மட்டும் எரிவதில்லை.

பதில்: அப்படியானால் பல்பும் பியூஸும் நல்லா இருக்கிறது, அந்தக் கதவின் சுவிட்சைப் பாருங்கள். அதிகம் திறக்கிற கதவு, முதலில் தேயும். ஒற்றை ஒயரோடு ஒரு ஸ்குரூவில் பாடியோடு பிடித்திருக்கிற வகை என்றால், அது எர்த் கொடுக்கிற சுவிட்ச். ஸ்குரூவடியில் துரு பிடித்தாலே லைட் வராது. சுரண்டிப் போட்டுப் பாருங்கள். கழற்றியதும் ஒயரை டேப் போட்டு வெளியே ஒட்டிவிடுங்கள். தூணுக்குள் நழுவிவிட்டால் அதை மீன்பிடிப்பது தனி வேலை.

கேள்வி: மீட்டர் பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கலாமா?

பதில்: வெளிச்சத்துக்கு இருப்பதை ஆக்கலாம். எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. டிம்மர் முன்போல ஒழுங்காகக் குறைக்காது. ஆனால் பேட்டரி படம் போட்ட பல்பில் மட்டும் கை வைக்காதீர்கள். பல பழைய கார்களில் அந்தப் பல்பு வழியாகத்தான் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்கு ஆரம்பக் கரண்ட் போகிறது. அங்கே எல்இடி போட்டால் போதுமான கரண்ட் போகாமல் சார்ஜே ஏறாமல் போகலாம். சாவியை ஆன் செய்ததும் அந்தப் பல்பு எரிகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.