வாடகைக்கு இருக்கிறவைக்கு லோயர் பிடிக்க என்ர வரிக்காசு ஏன் போகோணும்?

கேள்வியைப் பாக்கவே சொந்த வீட்டில இருக்கிற ஆள் எண்டு விளங்குது. நானும் வரி கட்டுறவன்தான், 14 வருசமா கனடாவில, ரொறொன்ரோ ஸ்காபரோவில வாடகைக்கு இருந்துகொண்டு கட்டுறன்.

2022 கோடை. நாங்கள் நாலு பேர் ஒரு பேஸ்மென்ரில, வாடகை 1,450 டொலர். வீட்டுக்காரர் எங்கட ஆள்தான், பக்கத்து ஊர், கோயில்ல கண்டா "தம்பி சுகமோ" எண்டு கேக்கிறவர். ஒருநாள் வந்து அடுத்த மாசத்தில இருந்து 1,850 எண்டார். அந்த வருசம் எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில சட்டப்படி வாடகை கூட்டக்கூடிய அளவே 1.2 வீதம், எங்கட வாடகைக்கு 17 டொலர் சொச்சம். அதொண்டும் அப்ப எனக்குத் தெரியாது, காசில்லை அண்ணை எண்டு மட்டும் சொன்னன். ரெண்டு கிழமையால வாட்சப்பில மெசேஜ் வருது, மகனுக்குக் கலியாணம், பேஸ்மென்ட் அவைக்கு வேணும், மாசக் கடைசிக்குள்ள எழும்புங்கோ எண்டு.

எழும்பத்தான் வேணும் எண்டு நினைச்சிட்டம். மனுசி சட்டி பானையெல்லாம் பெட்டியில போடத் தொடங்கிற்றா. வேலையிடத்தில ஜமேக்காவில இருந்து வந்த ஒரு பொம்பிளைதான் கிளினிக்குக்குப் போ எண்டு விலாசம் தந்தவ. கிளினிக் எண்டா ஆஸ்பத்திரி இல்லை, லீகல் எய்ட் ஒன்ராறியோவின்ர காசில ஓடுற சட்ட உதவி இடம்.

அங்க இருந்த லோயர் பிள்ளை முதல் கேட்டது, வீட்டுக்காரரோட கிச்சனோ பாத்ரூமோ பங்குபோடுறியளோ எண்டு. பங்குபோட்டா வாடகைக்கு இருக்கிறவையைக் காக்கிற சட்டம் எங்களுக்கு இல்லையாம். இல்லை, எல்லாம் தனி எண்டன், ஆனா பேஸ்மென்ட்டுக்குப் பெர்மிற் இல்லை எண்டு பயந்து பயந்து சொன்னன். அது வீட்டுக்காரற்ற பிரச்சினை எண்டா. பிறகு சொன்னா, வாட்சப் மெசேஜ் நோட்டீஸே இல்லை, சொந்தப் பாவனைக்கு வீடு வேணுமெண்டா என்-12 எண்ட நோட்டீஸ் போம் தரோணும், 60 நாள் தரோணும், ஒரு மாச வாடகையும் அவர்தான் எங்களுக்குத் தரோணும், அதுக்குப் பிறகும் வாடகை வழக்குகளை விசாரிக்கிற போர்ட் ஓடர் போடாமல் ஒருத்தரும் எழுப்பேலாது, ஓடர் வந்தாலும் ஷெரிஃப் எண்ட கோட்டு அதிகாரிதான் வந்து பூட்டலாம், வீட்டுக்காரர் பூட்டு மாத்தினா அவருக்குத்தான் குற்றம். இருபது நிமிசக் கதை, ஒரு கடிதம், அவ்வளவுதான் உங்கட வரிக்காசு எனக்குச் செலவானது. அடுத்த வருசம் வாடகை சட்டப்படிதான் கூடினது. மகனுக்கு இண்டைக்கு வரைக்கும் கலியாணம் ஆகேல்லை.

இப்ப ஆரும் வந்து, வாடகை கட்டாமல் வருசக்கணக்காக் குந்தியிருக்கிற ஆக்களைத் தெரியாதோ எண்டு கேக்காதேங்கோ. தெரியும். என்ர அக்காவே வீடு வாடகைக்கு விட்டு, ஒரு குடும்பத்தோட இழுபட்டு, விசாரணைத் தேதி வரவே எட்டு மாசம் காத்திருந்தவ. ஆனா அது போர்ட் பிந்திற பிரச்சினை. எனக்கு ஒரு லோயர் கிடைச்சதால அக்கான்ர தேதி பிந்தேல்லை.

2019இல மாகாண அரசு லீகல் எய்ட் காசில 30 வீதம், 133 மில்லியன் டொலர் வெட்டினது. நான் போன அண்டைக்கு இருக்கக் கதிரை இல்லாமல் சனம் கொரிடோரில நிண்டது. நாங்கள் நாலு பேரும் றோட்டுக்கு வந்திருந்தா சிற்றி எங்கையோ கிங்ஸ்ரன் றோட்டு மோட்டல்ல ரூம் போட்டுத் தந்திருக்கும், அந்த பில்லும் உங்களுக்குத்தானே வரும்?

இதில எனக்கு ஆறாதது வேற ஒண்டு. கடிதம் போன பிறகு கோயில்ல கதை கிளம்பிட்டுது, வெள்ளைக்காரரிட்டப் போய் எங்கட ஆளைக் காட்டிக்குடுத்தவன் எண்டு. அந்த லோயர் பஞ்சாபிப் பிள்ளை, அதையாவது சரியாச் சொல்லியிருக்கலாம். அன்னதானத்தில எல்லாருக்கும் வடை வைச்சுக்கொண்டு வந்த ஒருத்தர் என்ர இலையைத் தாண்டிப் போனவர். வடைக்கு அழேல்லை, ஆனா அவரும் மூண்டு பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கிறார், கணக்கு விளங்குதுதானே.

வாடகைக்கு இருக்கிற ஆரும் இதை வாசிச்சா, கோவத்தில வாட்சப் மெசேஜை அழிச்சுப்போடாதேங்கோ. நான் பாதியை அழிச்சிட்டன், மனுசியின்ர போனில இருந்தபடியாத் தப்பினம்.