4 கிலோமீற்றர் பாதையும் 2000 லொறி மண்ணும்

கேள்வி: எங்கள் தோட்டத்தின் பழைய வளைவுப் பாதையைத் திருத்தாமல், தேயிலை மலையை ஊடறுத்து 4 கிலோமீற்றரில் புதிய கொங்கிறீட் பாதை போடலாம் என்கிறார்கள். தூரம் குறைந்தால் டீசல் புகையும் குறையும், சுற்றாடலுக்கும் அதுவே நல்லது என்பது சரியா? பாதையொன்றின் 'வாழ்க்கை வட்டப் பாதிப்பு' என்றால் என்ன?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: கண்டி வீதி போன்றதொரு வீதிக்கு அந்த வாதம் பொருந்தலாம், தோட்டப் பாதைக்குப் பொருந்தாது. கல் உடைப்பதில் தொடங்கி, நிர்மாணம், வாகன ஓட்டம், பராமரிப்பு என்று பாதை மீள அமைக்கப்படும் நாள் வரையான பாதிப்பு முழுவதையும் ஒரே கணக்கில் சேர்ப்பதே வாழ்க்கை வட்டக் கணிப்பு. அதன் முறையை ஐஎஸ்ஓ 14040 என்ற சர்வதேச நியமம் வகுக்கிறது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் வாகனங்கள் ஓடும் வீதியில் அவை எரிக்கும் எரிபொருளே அக்கணக்கின் பெரும்பங்கு. கொழுந்து லொறியும் சில முச்சக்கர வண்டிகளும் மட்டுமே போய்வரும் பாதையிலோ வெட்டும் மண்ணும் கொட்டும் சீமெந்துமே கணக்கை நிரப்பிவிடுகின்றன.

மண்ணைப் பாருங்கள். 2 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவில் 4 மீற்றர் அகலத்துக்கு வெட்டினால், மீற்றருக்கு 4 கன மீற்றர் வீதம் மொத்தம் 16,000 கன மீற்றர் மண் வரும். வெட்டிய மண் உப்பிப் பருமன் கூடும் ஆதலால், மூன்று கியூப் (சுமார் 8.5 கன மீற்றர்) லொறியில் 2000 நடைக்கு மேல் ஏற்ற வேண்டும். ஆனால் பெரும்பாலும் யாரும் ஏற்றுவதில்லை. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் அதைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிட்டுப் போகும், அடுத்த மழையில் அது ஓடைக்கும், அங்கிருந்து மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும் போய்ச் சேரும். அந்த நீர்த்தேக்கத்தில் கெனியன் நீர்மின் நிலையத்துக்கான நீரின் இடத்தை வண்டல் பிடித்துக்கொள்ளும் அந்த நட்டம் எந்தப் பாதையின் செலவு மதிப்பீட்டிலும் எழுதப்படுவதில்லை.

3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்று கொண்டால் கொங்கிறீட்டுக்குச் சுமார் 540 தொன் சீமெந்து வேண்டும். சீமெந்துச் சூளையின் எரிபொருளை விட்டுவிட்டாலும், அதில் சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டும் ஏறத்தாழ 250 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகியிருக்கும்.

இவ்வளவு செலவழித்த பாதை எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பாதையோரம் மழைநீர் வடியும் கான். கான் இல்லாத இடத்தில் மழைநீர் தளத்தின் அடியால் ஓடி மண்ணை அரிக்கிறது. மேலே வெடிப்பே இல்லாமல், விளிம்பு பலகை போல் தொங்க, முழங்கை வரை கையை உள்ளே விடக்கூடிய பாதைகளைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். அத்தகைய பாதையை உடைத்து மீண்டும் போடும்போது மேற்சொன்ன சீமெந்துக் கணக்கும் இரட்டிப்பாகிறது.

பழைய பாதையின் மலைவெட்டு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குக் கானும் மதகும் கட்டி, இறக்கமான வளைவுகளில் மட்டும் கொங்கிறீட் போடுவதே என் தெரிவு. அது நகரும் மண்ணின் மேல் கிடக்கிறது என்றால் மட்டும் புதிய தடத்தை யோசிக்கலாம்.

வீதி என்ற வகையில், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்பதால், உங்கள் பாதைக்கு அது தானாக வராது. ஆகவே பெக்கோ வருமுன், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட்டதா, வெட்டும் மண் எந்த இடத்தில் கொட்டப்படும், கானைத் துப்புரவாக்குவது தோட்ட நிர்வாகமா பிரதேச சபையா என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.