பசி மாத்திரை என்று சொல்லித் தந்தார்கள்

கேள்வி: எனக்கு 22 வயது. உயரம் 158 செ.மீ., எடை 41 கிலோ. மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்கு உடம்பே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. பெரியம்மா ஒரு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு, பசி எடுக்கும் மாத்திரை என்று வாங்கித் தந்தார். இரவில் ஒன்று போடுகிறேன். ஐந்து வாரத்தில் 4 கிலோ கூடிவிட்டது. ஆனால் காலையில் எழும்ப முடியவில்லை. போன வாரம் ஸ்கூட்டியில் போகும்போது கண் செருகி, சானல் கரை வரை போய்விட்டேன். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. அட்டையில் 'மிர்டாசபைன் 15' என்று இருக்கிறது. அது மனநோய் மாத்திரை என்று தோழி சொன்னாள். நாளையே நிறுத்திவிடலாமா அம்மா?
— பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: மக்களே, முதலில் அந்த ஸ்கூட்டி சாவியை அம்மா கையில் கொடு. டாக்டரைப் பார்க்கும் வரை பஸ்ஸில் போய் வா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். உன் தோழி சொன்னது சரிதான். மிர்டாசபைன் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே, உடம்பில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் போய் ஒட்டும் இடத்தை அது அடைப்பதுபோல இதுவும் அடைக்கிறது. அதனால்தான் தூக்கமும் அகோரப் பசியும். குறைந்த அளவில்கூடத் தூக்கம் பலமாகவே இருக்கும். பசி கூடுவது இந்த மருந்தின் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவைத்தான் உனக்கு மருந்து என்று விற்றிருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது.

ஏறிய 4 கிலோவில் பெரும்பங்கு கொழுப்பாகத்தான் இருக்கும். இந்த மருந்தால் ரத்தத்தில் கொழுப்பும் கூடலாம். மாத்திரை நின்றால் அது தந்த பசியும் போய்விடும். பிறகு எடை எப்படி நிற்கும்?

எடையை விட எனக்குப் பயம் அந்த அழுகைதான். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் பிள்ளைகளுக்கும், 2007-ல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும் என்று இந்த எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடிக்கச் சொன்னது. டாக்டர் எழுதித் தந்தால், அடிக்கடி வரச்சொல்லி இதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். உன்னை யார் கவனித்தார்கள்? செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும் அம்மாவை எழுப்பிச் சொல். இன்று இரவு தனியாகப் படுக்காதே. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

சரி, நிறுத்தலாமா என்றல்லவா கேட்டாய். நீயாக ஒரே நாளில் நிறுத்தாதே. என் தம்பி மகள் கதையைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவளுக்கும் யாரோ இதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்காரி அத்தை ஒரே தெருவில் இருக்கிறேன், என்னிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்ததும் போதும் என்று அவளே நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் நாலு நாள் தலைசுற்றல், வாந்தி, இரவெல்லாம் தூக்கமில்லாமல் படபடப்பு. அவர்களோ விசேஷம் என்று நினைத்து மாங்காய் வாங்கி வந்தார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டர்தான் மறுபடி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

ஆகவே நாளைக் காலையிலேயே அட்டையை எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. தக்கலை உனக்குப் பக்கம் என்றால் அங்குள்ள அரசு மருத்துவமனையானாலும் சரி. எத்தனை நாள் போட்டாய் என்பதை மறைக்காமல் சொல். கல்யாணப் பேச்சு நடப்பதையும் சொல். வீட்டில் யாருக்காவது அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், இந்த மருந்து அதைக் கிளப்பிவிடலாம். வேறு வலி மாத்திரை எதுவும் நீயாகப் போடாதே. டிரமடால் போன்றவற்றோடு இது சேர்ந்தால் ஆபத்து. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே போய் ரத்தம் பார். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

இன்னொன்று. உன் உயரத்துக்கு 46 கிலோவாவது வேண்டும். 41 என்பது நிஜமாகவே குறைவு. ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? தைராய்டு கூடினால் மெலியும், சர்க்கரை இருந்தால் மெலியும், காசநோயில் மெலியும். மனச்சோர்வே பசியைத் தின்றுவிடும். இதில் ஏதாவது உள்ளே இருந்தால், எடை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேள். காசநோய்ப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

எல்லாம் சரியாக இருந்தால் பிறகு சாப்பாடுதான். காலையில் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு போகிறாய் என்று என் ஊகம். கடைப்பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். அவித்த ஏத்தம்பழம் ஒன்று, முட்டை ஒன்று, கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறு. பதினொரு மணிக்கு ஒரு பிடி வறுத்த கப்பலண்டி (வேர்க்கடலை). மத்தியானச் சோற்றோடு சாளையோ நெத்திலியோ தேங்காய் அரைத்த கறியோடு. இரவு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்தால் அதை மட்டும் தின்று வயிற்றை நிரப்பாதே, மீனோ பயறோ கூட வேண்டும். மாதம் ஒரு கிலோ கூடினால் போதும்.

பெரியம்மாவைத் திட்டாதே. பாசத்தில் செய்தார். ஆனால் மீதி மாத்திரையை அவர் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடாமல் நீ வாங்கி வைத்துக்கொள்.

கேள்வி: அம்மா இறந்த பிறகு சாப்பிடாமல், தூங்காமல் இருந்த என் அப்பாவுக்கு (68) மனநல டாக்டர் மிர்டாசபைன் எழுதினார். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். "அது உடம்பை ஊதவைக்கும், நிறுத்து" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். — குளச்சல் வாசகர்

பதில்: நிறுத்த வேண்டாம். பசியும் தூக்கமும் போன மனச்சோர்வுக்கு டாக்டர்கள் இதைத் தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் மருந்து தன் வேலையைச் செய்கிறது. மாதம் ஒரு முறை எடை பாருங்கள். முதியவர்களுக்கு ரத்தத்தில் உப்பு குறையலாம், அதனால் குழப்பமாகப் பேசினால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இரவில் மூத்திரம் போக எழும்போது விழுந்துவிடாமல் ஒரு லைட்டைப் போட்டு வையுங்கள்.